சிபாரிசுக் கடிதம் வேண்டாம், கேள்வியைக் கொடுங்கள்

வாசகர் கடிதம்:

வணக்கம் மேடம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் சின்னதாக ஒரு மளிகைக் கடை வைத்திருக்கிறேன். சொந்த ஊர் விருதுநகர் பக்கம். இங்கே நிரந்தரமாகத் தங்க அனுமதி இருக்கிறது, குடியுரிமை வாங்கவில்லை. 2025-இல் வாட் ஏறுகிறது என்றார்கள். பில் மெஷினை எல்லாம் மாற்றிய பிறகு ஏறவில்லை என்றார்கள். தம்பிக்கு மிட்ராண்டில் சாஃப்ட்வேர் வேலை. விசாவைப் புதுப்பிக்கக் கொடுத்து மாதக்கணக்காகிறது, பதிலே இல்லை. போன மாதம் ஒரு எதிர்க்கட்சி எம்.பி. எங்கள் பகுதியில் கூட்டம் போட்டு, அரசின் வரிக் கொள்கையையும் குடியேற்றக் கொள்கையையும் நாடாளுமன்றத்தில் கிழித்துத் தொங்கவிடப் போவதாகச் சொன்னார். இவர்கள் கேட்பதால் ஏதாவது நடக்குமா, இல்லை டிவிக்காகப் போடும் சத்தமா? அவரிடம் ஒரு சிபாரிசுக் கடிதம் வாங்கினால் தம்பியின் விசா நகருமா? ஓட்டு இல்லாத நான் அவரிடம் போகலாமா?

- ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். தாராளமாகப் போகலாம். மனுக் கொடுக்கும் உரிமையை அரசியல் சாசனத்தின் 17-ஆம் பிரிவு இந்த நாட்டில் இருக்கும் எல்லாருக்கும் தருகிறது. நிர்வாகம் நம்மிடம் நியாயமாக நடந்துகொள்ள வேண்டும் என்கிற 33-ஆம் பிரிவும் அப்படித்தான். ஓட்டுப் போடத்தான் குடியுரிமை வேண்டும்.

சிபாரிசுக் கடிதத்தை மறந்துவிடுங்கள். அந்தப் பழக்கம் நாம் ஊரிலிருந்து கொண்டுவந்தது. அங்கே தொகுதிக்கு ஒரு எம்.பி., அவர் கையெழுத்துக்கு ஒரு மதிப்பு. இங்கே நாடாளுமன்றத்தின் கீழவையான தேசிய சபையின் 400 பேரும் கட்சிப் பட்டியலிலிருந்து, கட்சி வாங்கிய ஓட்டு விகிதப்படி உள்ளே போனவர்கள். 'எங்கள் பகுதி எம்.பி.' என்று நீங்கள் சொல்கிறவர், அந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்ளக் கட்சி அனுப்பிய ஆள். உங்கள் தம்பியின் கோப்பு எங்கே நிற்கிறது என்று அமைச்சர் அலுவலகத்துக்கு அவர் ஒரு கடிதம் எழுதலாம், சிலர் எழுதவும் செய்கிறார்கள். கோப்பை எடுத்து மேலே வை என்று உத்தரவிட அவருக்கு அதிகாரம் கிடையாது. 'எம்.பி. ஆபீஸ் மூலமா முடிச்சுத் தர்றேன்' என்று யாராவது கை நீட்டினால், கொடுக்கிறவரும் சேர்ந்துதான் மாட்டுவார். ஒரு வழக்கறிஞராக இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன்.

அப்படியானால் எம்.பி.யால் என்ன பயன்? இருக்கிறது. ஆனால் வரியில் அவர் செய்யக்கூடியது ஒன்று, குடியேற்றத்தில் செய்யக்கூடியது வேறு. கூட்டத்தில் இரண்டையும் ஒரே மூச்சில் பேசிவிடுவார்கள். கேட்கிற நாம்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

வரிக்குக் கடைசியில் நாடாளுமன்றத்தின் ஓட்டு வேண்டும். 2025-இல் நடந்ததை வரிசையாகப் பாருங்கள். பிப்ரவரி 19 அன்று பட்ஜெட் வாசிக்க வேண்டிய நிதியமைச்சர் ஏனோக் கோடொங்வானா வாசிக்கவில்லை. வாட்டை 15-இலிருந்து 17 விழுக்காடாக்கும் யோசனைக்கு, கூட்டணி அரசுக்குள்ளேயே ஒப்புதல் கிடைக்கவில்லை. மார்ச் 12 அன்று அரை அரையாக ஏற்றுகிறோம் என்று வந்தார்கள்: மே 1 முதல் 15.5, அடுத்த ஆண்டு 16. ஏப்ரல் 2 அன்று நிதிக் கட்டமைப்புக்கு, அதாவது பட்ஜெட்டின் மொத்த வரவு செலவுத் திட்டத்துக்கு, ஆதரவாக 194 ஓட்டு, எதிராக 182. அரசில் பங்காளியான ஜனநாயகக் கூட்டணி என்ற கட்சி எதிர்த்து ஓட்டுப் போட்டது. அரசுக்கு வெளியே இருந்த சிறு கட்சியான ஆக்‌ஷன்எஸ்ஏ, 30 நாளுக்குள் மாற்று வழி தேட வேண்டும் என்ற பரிந்துரையைச் சேர்க்க வைத்து ஆதரவு கொடுத்தது. அன்றைக்கு யார் ஆளுங்கட்சி, யார் எதிர்க்கட்சி என்று கேட்டால் நானே ஒரு நிமிடம் யோசித்திருப்பேன். ஜனநாயகக் கூட்டணியும் பொருளாதாரச் சுதந்திரப் போராளிகள் என்ற எதிர்க்கட்சியும் கேப் டவுனில் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஏப்ரல் 24 அன்று, விகிதம் மாற ஒரு வாரமே இருந்தபோது, அமைச்சர் ஏற்றத்தைத் திரும்பப் பெற்றார். இன்றும் 15 தான்.

உங்கள் கடையில் இது எப்படி வந்து விழுந்தது என்று எனக்குத் தெரியும், என்னிடம் வழக்குக் கொடுத்தவர்களிலும் கடைக்காரர்கள் உண்டு. அரிசி, பருப்பு, காய்ந்த பயறு, முட்டை, சமையல் எண்ணெய், பிரவுன் பிரெட் இதற்கெல்லாம் வாட் பூஜ்யம், தொட வேண்டியதில்லை. மசாலாத் தூள், கற்பூரம், ஊதுபத்தி, சோப்பு இவற்றுக்குத்தான் வேலை. வாட் இல்லாமல் 20 ராண்ட் வரும் மசாலாப் பாக்கெட் 23 ராண்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதை 23 ராண்ட் 10 சென்ட் ஆக்க அலமாரியில் ஸ்டிக்கர் மாற்ற வேண்டும், மெஷினுக்கு ஆளைக் கூப்பிட வேண்டும். மாற்றி முடித்த ஈரம் காய்வதற்குள் பழையபடி மாற்றச் சொன்னார்கள். உடனே திரும்ப முடியாதவர்களுக்கு மே 15 வரை வரித்துறையான சார்ஸ் அவகாசம் கொடுத்தது, அவ்வளவுதான். மெஷின்காரருக்குக் கொடுத்த பணம் கொடுத்ததுதான்.

இதில் இன்னொன்றும் போனது, அதைப் பற்றி எந்த மேடையிலும் பேச்சே இல்லை. வாட்டை ஏற்றும்போது ஏழைகளுக்கு ஈடாக டின்னில் அடைத்த காய்கறி, சில வகைக் குடல் ஈரல் இறைச்சி போன்றவற்றையும் பூஜ்ய விகிதத்தில் சேர்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். ஏற்றத்தைக் கைவிட்டபோது அந்தச் சலுகையையும் சேர்த்துக் கைவிட்டார்கள்.

வாட்டில் இவ்வளவு போராட முடிந்ததற்குக் காரணம் நடைமுறைதான். பட்ஜெட் வைத்த 16 நாளுக்குள் நிதிக் கட்டமைப்பை சபை ஏற்கவோ திருத்தவோ வேண்டும். அதற்கு முன்பு நிதிக்குழு பொதுமக்கள் கருத்தைக் கேட்டாக வேண்டும். 2009-இல் வந்த பண மசோதாச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அந்தக் கருத்துக்கேட்பில் தொழிற்சங்கமும் பெரிய ஆடிட்டர் கம்பெனிகளும் பேசுவதுதான் வழக்கம். சாட்ஸ்வொர்த் கடைக்காரர் ஒருவர் 'என் கடையில் இத்தனை பொருளுக்கு ஸ்டிக்கர், இத்தனை ராண்ட் செலவு, யாரும் திருப்பித் தரவில்லை' என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பினால், அதைப் படிக்காமல் விடமாட்டார்கள். எதிர்க்கட்சி எம்.பி. கையில் அது கிடைத்தால் விடவே மாட்டார்.

ஆனாலும் ஓர் ஓட்டை உண்டு. வாட் சட்டத்தின் 7(4) பிரிவுப்படி, அமைச்சர் பட்ஜெட்டில் அறிவித்த விகிதம், நாடாளுமன்றம் சட்டம் போடுவதற்கு முன்பே, அவர் சொன்ன தேதியில் அமலுக்கு வந்துவிடலாம். ஜனநாயகக் கூட்டணி நீதிமன்றத்தில் இதையும்தான் கேள்வி கேட்டது. பெட்ரோல் வரியில் கதையே வேறு மாதிரி முடிந்தது. 2025 ஜூன் 4 முதல் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 16 சென்ட், டீசலுக்கு 15 சென்ட் ஏற்றினார்கள். பொருளாதாரச் சுதந்திரப் போராளிகள் வழக்குப் போட்டும் தடை கிடைக்கவில்லை.

உங்கள் எம்.பி. உண்மையிலேயே கணக்குப் பார்க்கிறவரா என்று தெரிய வேண்டுமானால் வருமான வரி அடுக்குகளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். 2024-லும் 2025-லும் விலைவாசி உயர்வுக்கு ஏற்ப அந்த அடுக்குகளை நகர்த்தவில்லை. விகிதம் ஏறவில்லை என்பது உண்மை. ஆனால் விலைவாசிக்காகத் தம்பிக்குக் கொஞ்சம் சம்பளம் கூட்டியிருந்தால், கூட்டியதில் ஒரு பங்கு சத்தமில்லாமல் சார்ஸுக்குப் போயிருக்கும். வாட்டுக்கு மேசையைத் தட்டிய பலர் இதற்கு அவ்வளவு சத்தம் போடவில்லை. தலைப்புச் செய்திக்கு ஆகாது, அதனால்தான்.

குடியேற்றத்துக்கு வருவோம். 2002-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தை நாடாளுமன்றம்தான் போட்டது. ஆனால் உங்கள் தம்பியின் வாழ்க்கையைத் தீர்மானிப்பது அதன் கீழே அமைச்சர் அரசிதழில் வெளியிடும் விதிகள். 2024 அக்டோபரில் வந்த புள்ளி முறையை எடுத்துக்கொள்ளுங்கள். பணி விசாவுக்கு 100 புள்ளி வேண்டும். முக்கியத் திறன் பட்டியலில் உள்ள வேலை என்றால் 100-ம் அப்படியே கிடைக்கும். பட்டியலில் இல்லாதவர்கள் படிப்பு, அனுபவம், சம்பளம் என்று கூட்டிக்கொண்டு வர வேண்டும். ஆண்டுச் சம்பளம் 9,76,194 ராண்டுக்கு மேல் என்றால் 50 புள்ளி. அதற்குக் கீழே 6,50,976 வரை என்றால் 20. இந்த எண்கள் எதற்கும் சபையில் ஓட்டெடுப்பு நடக்கவில்லை. இதற்கு முந்தைய விதிகளை 2024 மார்ச்சில், மக்கள் கருத்துச் சொல்லக் கொடுத்த கெடு முடியும் முன்பே வெளியிட்டுவிட்டு, பிறகு திரும்பப் பெற்ற கூத்தும் நடந்தது.

ஆகவே இங்கே எம்.பி.யின் கையில் ஓட்டு என்ற ஆயுதம் இல்லை. கேள்வி இருக்கிறது, குழு விசாரணை இருக்கிறது, அதற்கு மேல் நீதிமன்றம். ஜிம்பாப்வேக்காரர்களின் சிறப்பு அனுமதியை அமைச்சர் ஒரு முடிவால் நிறுத்தப் பார்த்தார். சுமார் 1,78,000 பேரின் விவகாரம். சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து பேசவில்லை என்று 2023 ஜூனில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. வழக்குப் போட்டது ஹெலன் சுஸ்மான் அறக்கட்டளை. அந்த அனுமதி இப்போது 2027 மே 28 வரை நீண்டிருக்கிறது.

அறக்கட்டளைக்குப் பெயர் கொடுத்த அந்த அம்மையாரைப் பற்றி உங்கள் 'டிவிக்காகச் சத்தமா' என்ற கேள்விக்காகவே சொல்ல வேண்டும். 1961 முதல் 1974 வரை தன் கட்சியின் ஒரே ஆளாக அந்தச் சபையில் உட்கார்ந்திருந்தவர் ஹெலன் சுஸ்மான். நிறவெறி அரசுக்கு எதிராக ஓட்டெடுப்பில் அவர் ஜெயிக்க வழியே இல்லை. டிவி என்ன, அன்றைக்கு நாட்டில் டிவியே வரவில்லை. அவர் செய்தது, எத்தனை பேரைப் பிடித்தீர்கள், எத்தனை பேரை வீட்டைவிட்டுக் கிளப்பினீர்கள் என்று எண்ணிக்கை கேட்டதுதான். அமைச்சர் எண்ணைச் சொல்லியாக வேண்டும். சொன்னால் அது அவைக்குறிப்பில் ஏறும். ஏறியதைப் பத்திரிகைகள் போடும். உங்கள் கேள்விகள் நாட்டின் மானத்தை வாங்குகின்றன என்று ஓர் அமைச்சர் கத்தியபோது, மானத்தை வாங்குவது என் கேள்விகள் அல்ல, உங்கள் பதில்கள் என்றாராம். டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து நம் குடும்பங்களைக் கிளப்பிச் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து போட்ட காலமும் அதுதான். உங்கள் கடைக்கு வரும் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இப்போது எழுத்துக் கேள்விக்கு அமைச்சர் 10 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். தேவையானால் இன்னொரு 10 நாள் கேட்டு வாங்கலாம். பதில்கள் நாடாளுமன்றத் தளத்திலும், நாடாளுமன்றக் கண்காணிப்புக் குழு என்ற அமைப்பின் தளத்திலும் வந்துவிடும். நீங்களே படிக்கலாம். நான் வாரம் ஒருமுறையாவது புரட்டுவேன், விசாவைக் கவனிக்கும் ஹோம் அஃபேர்ஸ் (உள்துறை) பதில்களை அதிகமாக.

படித்துப் படித்துத் தெரிந்துகொண்டது, பதிலின் தரம் கேள்வியின் தரத்தில் இருக்கிறது. 'விசாக்கள் ஏன் தாமதமாகின்றன?' என்று கேட்டுப் பாருங்கள். 3 லட்சத்துக்கும் மேல் தேங்கிக் கிடந்த விண்ணப்பங்களை முடித்துவிட்டோம், டிஜிட்டல் மயமாக்குகிறோம் என்று ஒரு பாரா வரும். பொய்யில்லை, அந்தத் தேக்கத்தை உண்மையிலேயே பெருமளவு தீர்த்தார்கள். ஆனால் உங்கள் தம்பிக்கு அதில் ஒன்றுமில்லை. தம்பியின் பெயரைப் போட்டுக் கேட்டாலும் சரிவராது. தனிநபர் தகவல் என்று சொல்லி ஒரே வரியில் மூடிவிட அது நல்ல சாக்கு. இப்படிக் கேட்க வேண்டும்:

'முக்கியத் திறன் பணி விசாவைப் புதுப்பிக்கக் கோரி, இந்தக் கேள்விக்குப் பதில் தரும் நாளில், 6 மாதத்துக்கு மேலாக முடிவு கிடைக்காமல் இருக்கும் விண்ணப்பங்கள் எத்தனை? அவற்றில் 12 மாதத்தைத் தாண்டியவை எத்தனை? கடந்த நிதியாண்டில் முடிவு எடுக்காத காரணத்துக்காகத் துறைமீது போடப்பட்ட வழக்குகள் எத்தனை, தோற்ற வழக்குகளில் எதிர்த் தரப்புக்குத் துறை கட்டிய செலவுத் தொகை எவ்வளவு?'

கடைசிப் பகுதியைக் கவனியுங்கள். ஹோம் அஃபேர்ஸ் ஒரு கோப்பில் கையெழுத்துப் போடாமல் வைத்திருந்து நீதிமன்றத்தில் தோற்றால், அந்தச் செலவு நீங்கள் மசாலாப் பாக்கெட்டுக்கு வசூலித்துக் கட்டும் வாட்டிலிருந்தும், தம்பியின் சம்பளத்தில் பிடிக்கும் வரியிலிருந்தும்தான் போகிறது. வரியையும் குடியேற்றத்தையும் சேர்த்துப் பேசுவதாக இருந்தால் இப்படிச் சேர்த்துப் பேசட்டும். 'வெளிநாட்டுக்காரர்கள் வரி கட்டுவதில்லை' என்று கூட்டத்தில் கைதட்டு வாங்குவது வேறு வகைச் சேர்ப்பு. கடையில் சோப்பு வாங்குகிற எவரும், பாஸ்போர்ட் எந்த நாடானாலும், வாட் கட்டித்தான் வெளியே வருகிறார்.

வரியையே குடியேற்றச் சட்டமாக வைத்து அடித்த கதை நம் ஆட்களுக்குப் புதிதும் இல்லை. ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து வந்து, ஒப்பந்தக் காலம் முடிந்தும் ஊருக்குத் திரும்பாமல், மறுபடி ஒப்பந்தத்திலும் சேராமல் இருந்தவர்கள்மீது ஆண்டுக்கு 3 பவுன் வரி போட, டர்பன் இருக்கும் நேட்டாலில் 1895-இல் சட்டம் செய்தார்கள். கரும்புத் தோட்டத்தில் முதலாண்டுக் கூலி மாதம் 10 ஷில்லிங். ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங், அதாவது வரி ஆறு மாதக் கூலி. கஜானாவை நிரப்புவதைவிட ஆளைக் கப்பல் ஏற்றுவதுதான் நோக்கம். 1913 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, 1914-இல்தான் அது ஒழிந்தது. நேட்டால் சபையில் நமக்காகக் கேட்க ஆள் இல்லாததால், கல்கத்தாவில் கூடிய இந்தியச் சட்டசபையில் கோகலே தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது.

எம்.பி.யைப் பார்க்கப் போவதற்கு முன் அவருடைய பழைய கேள்விகளைப் படித்துவிடுங்கள். இதை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். எதிர்க்கட்சி என்றால் நம் பக்கம் என்று அர்த்தமில்லை. உணவு நச்சால் குழந்தைகள் இறந்த பிறகு 2024 நவம்பரில் ஸ்பாஸா கடைகள் என்ற சின்னத் தெருக்கடைகள் எல்லாம் பதிவு செய்ய வேண்டும் என்று ஜனாதிபதி அறிவித்தார் இல்லையா, அதையொட்டி வெளிநாட்டார் கடைகளை மூடச் சொல்லிக் கேட்டவர்களும் எதிர்க்கட்சி வரிசையில் உண்டு. உங்கள் எம்.பி. அந்த ரகமாக இருந்தால் தம்பியின் விவரத்தைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைக்காதீர்கள். வேறு கட்சி எம்.பி.யிடம் போகலாம், பட்டியல் முறையில் அது ஒரு வசதி, எந்த எம்.பி.யும் யாருக்காகவும் கேட்கலாம்.

கேட்கிறவர் நாளைக்குப் பதில் சொல்லும் நாற்காலியில் உட்காரலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். ஜனநாயகக் கூட்டணியின் லியோன் ஷ்ரைபர் எதிர்க்கட்சி எம்.பி.யாக இருந்தபோது, கட்சிக்காரர்களுக்கு அரசுப் பதவி கொடுத்த ஆவணங்களைக் கேட்டு ஆளுங்கட்சியைத் தகவல் சட்டத்தின் கீழ் விடாமல் துரத்தினார். 2024 பிப்ரவரியில் அரசியல் சாசன நீதிமன்றம் வரை போய்த்தான் அவை கிடைத்தன. அதே ஆண்டு ஜூலையில் உள்துறை அமைச்சரானார். அவர் அன்று பிடித்த அதே கருவி உங்களுக்கும் இருக்கிறது. தகவல் பெறும் சட்டத்தில் யாரும் விண்ணப்பிக்கலாம், 30 நாளில் பதில் வர வேண்டும்.

தம்பியின் விஷயத்தில் எம்.பி.யை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். பழைய விசா முடிய 60 நாள் இருக்கும்போதே விண்ணப்பம் போயிருக்கிறதா என்று விசா விண்ணப்பம் வாங்கும் விஎஃப்எஸ் மையத்தின் ரசீதில் தேதியைப் பாருங்கள். போயிருந்தால் நம் பக்கம் பலம். முடிவுக்காகக் காத்திருப்பவர்களுக்குத் துறை அவ்வப்போது சுற்றறிக்கை மூலம் சலுகைக் காலம் கொடுத்து நீட்டித்திருக்கிறது. தம்பி பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ ஊருக்கு டிக்கெட் போடுவதாக இருந்தால், அந்தத் தேதியில் அமலில் இருக்கும் சுற்றறிக்கையை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டுதான் விமான நிலையம் போக வேண்டும். சலுகைக்குள் வராமல் 30 நாள் வரை கூடுதலாகத் தங்கியிருந்தால் 12 மாதத் தடை, 30 நாளைத் தாண்டினால் 5 ஆண்டு. இது விளையாட்டில்லை. சந்தேகம் இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள்.

அடுத்து, துறையின் தலைமை இயக்குநருக்கு வழக்கறிஞர் கடிதம். அதற்கும் பதில் இல்லையென்றால் 2000-ஆம் ஆண்டு நிர்வாக நீதிச் சட்டத்தில், முடிவே எடுக்காமல் இருப்பதையும் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். நீதிபதி பொதுவாக 'விசா கொடு' என்று சொல்லமாட்டார், 'இத்தனை நாளுக்குள் முடிவெடு' என்பார். பெரும்பாலும் அதுவே போதும். வழக்குத் தாள் போய்ச் சேர்ந்ததுமே முடிவு வந்த கோப்புகளை நான் பார்த்திருக்கிறேன். செலவு ஆகும், ஆகவே முதல் வேலையாக அதைச் செய்யச் சொல்லமாட்டேன்.

எம்.பி. அலுவலகத்துக்குப் போகும்போது ஒரே ஒரு தாள் கொண்டுபோங்கள். மேலே சொன்ன கேள்வியை அதில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, கீழே உங்கள் பெயரும் கடை இருக்கும் பகுதியும் போதும். தம்பியின் பாஸ்போர்ட் நகல் எல்லாம் வேண்டாம். கேள்வியைப் பதிவு செய்ததும் அதன் எண்ணைத் தரச் சொல்லி அவருடைய உதவியாளரிடம் கேளுங்கள். எண் கிடைத்தால் எனக்கு எழுதுங்கள், பதில் வந்ததும் சேர்ந்து படிப்போம். எண்ணே தராமல் போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டால், அடுத்த எம்.பி. அலுவலகத்துக்கு அதே தாளோடு போய்விடுங்கள்.